பதினேழு வீட்டுக் கடுகு

“கடுகு கொண்டாந்துட்டேன் தம்பி. இப்ப இன்னா சொல்றீங்க?”

வாசலில் அம்சவல்லி நின்றிருந்தார். கையில் ஒரு எவர்சில்வர் சம்படம். மூடியைத் திறந்து காட்டினார். வாய் வரைக்கும் கடுகு.

சிங்காரவேலுக்குத் திக்கென்றது. படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடி வைத்தார்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் அந்த இரண்டு தெருவுக்கும் அவர் ‘புத்தர் சிங்காரவேல்’. சுரங்கத்தில் ஷிஃப்ட் பார்த்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அவருக்குப் புத்தர்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் குவார்ட்டர்ஸ் ஹாலில் பாயை விரித்து நாலு பேரை உட்கார வைத்துவிடுவார். பொய் சொல்லாதே, கோபத்தை அடக்கு, ஆசையைக் குறை. சித்தார்த்தர் அரண்மனையை விட்டுக் கிளம்பிய கதையை ஆரம்பித்தால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். கேட்கிறவர்களுக்குத்தான் பசிக்கும்.

அம்சவல்லி பக்கத்துத் தெரு. கணவர் இல்லை. ஒரே மகன் இனியன், சிங்காரவேலோடு ஒரே செக்‌ஷனில் வேலை பார்த்தவன். மூன்று மாதத்துக்கு முன்னால், டூட்டிக்குப் போகும் வழியில் லாரி மோதி இறந்து போனான். இருபத்தாறு வயது. அன்றிலிருந்து அந்த அம்மாள் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை.

போன வாரம், பார்க்கச் சகிக்காமல், சிங்காரவேல் அவருக்கு ஒரு கதை சொன்னார். செத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் புத்தரிடம் ஓடி வந்தாள். சாவே விழாத வீட்டில் ஒரு பிடி கடுகு வாங்கி வா, மருந்து தருகிறேன் என்றார் புத்தர். ஊரெல்லாம் அலைந்தும் அவளுக்கு அப்படி ஒரு வீடு கிடைக்கவில்லை. சாவு எல்லா வீட்டுக்கும் பொது என்று புரிந்து அவள் மனம் ஆறியது.

கதையைக் கேட்டுவிட்டு எழுந்து போன அம்சவல்லிதான், இப்போது கடுகோடு வந்து நிற்கிறார்.

“அக்கா, அது கதைக்கா. யாராவது நெஜமா போயி...”

“பதினேழு வூடு ஏறி எறங்கிக்கினு வந்தேன். இந்த வூட்ல சாவு வுழுந்துருக்காம்மான்னு கேட்டேன். இல்லீங்க, நாங்க குவார்ட்டர்ஸ் வந்தே எட்டு வருசந்தான் ஆவுதுன்றாங்க. ஒருத்தங்க, எங்க மாமியார் செத்தது மதுரையில, இங்க இல்லன்றாங்க. தானே புயல்ல அவ்ளோ மரம் சாஞ்சுதே, அப்பகூட இந்தப் பக்கம் ஒரு உசுரு போவலியாம். எல்லாரும் ஆளுக்கு ஒரு பிடி அள்ளிக் குடுத்தாங்க.”

சிங்காரவேலுக்கு அப்போதுதான் உறைத்தது. இங்கே யாருக்கும் வீடு சொந்தமில்லை. ரிட்டயர் ஆனால் சாவியை ஒப்படைத்துவிட்டு அவரவர் ஊரைப் பார்க்கப் போய்விடுவார்கள். பெற்றவர்களும் ஊரில்தான் இருப்பார்கள், ஊரில்தான் கண்ணை மூடுவார்கள். புத்தர் நடந்த ஊர்களில் குவார்ட்டர்ஸ் கிடையாது. இதை யோசிக்காமல் கதை சொல்லியிருக்கிறார் மனிதர்.

“அவங்கவங்க ஊர்ல செத்துருப்பாங்கக்கா. சாவு இல்லாத குடும்பம் ஏது?”

“வூடுன்னுதான சொன்னீங்க?”

அம்சவல்லி சம்படத்தின் மூடியை அழுத்தி மூடினார்.

“எல்லா வூட்லயும் உண்டுன்னீங்க. போயி கேட்டா எங்க வூட்ல மட்டுந்தான். அப்ப நான் ஒருத்தி மட்டுந்தானா தம்பி?”

குரலில் அழுகைகூட இல்லை. சிங்காரவேல் நொந்து போனார். ஆறுதல் சொல்கிறேன் என்று புண்ணைக் கீறிவிட்டோமே, வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாமே என்று இருந்தது. இந்த மூன்று மாதமாக அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ சொல்ல வேண்டும் என்று தொண்டை வரை வரும். வெளியே வருவது புத்தர் கதையாக இருக்கும்.

“தப்புதாங்கக்கா. மன்னிச்சிடுங்க. எனக்கு வேற எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல.”

அவர் மனைவி கனகம் உள்ளேயிருந்து காபியோடு வந்தார். “மொதல்ல இதக் குடிங்கக்கா. எத்தினி நாளு இப்பிடிப் பட்டினி கெடப்பீங்க?”

அம்சவல்லி வாங்கிக்கொள்ளவில்லை.

“நாளைக்கி குவார்ட்டர்ஸக் காலி பண்றேன் கனகம். கம்மாபுரத்துல தங்கச்சி வூட்டுக்குப் போறேன். ஒரே ஒரு வூடு மட்டும் பாக்கி. கேக்கலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிச்சிக்கினு இருந்தேன்.”

“எந்த வூடுக்கா?”

“இதான்.”

கனகம் சங்கடத்தோடு கணவரைப் பார்த்தார். அவர் தலை நிமிரவில்லை. இந்த நேரத்தில் பொய் சொல்லலாமா என்றுகூட கனகத்துக்குத் தோன்றியது. ஆனால் பொய் சொல்கிற வீடு இல்லை அது.

“நாங்க வந்து பதினஞ்சு வருசம் ஆச்சுக்கா. இங்க... அப்பிடி ஒண்ணும் நடக்கல.”

“தெரியும்மா. அதான் கடைசியா வந்தேன்.” அம்சவல்லி சம்படத்தை நீட்டினார். “புத்த பௌர்ணமி ஊர்வலத்துக்குப் போவணும்னு உன் வூட்டுக்காரரு ஷிஃப்ட்ட மாத்திக்கினு எம்புள்ளய அனுப்புனாரு பாரு, அன்னிக்கி இங்க வுழ வேண்டியதுதான் எங்க வூட்ல வுழுந்துச்சு.”