ரெண்டு இன்ச் உசரம்

"கார் சஸ்பென்ஷனை ரெண்டு இன்ச் உசத்துங்க. டயரும் சேறு, கல்லு எல்லாத்துலயும் போற மாதிரி பெரிசா போடுங்க" என்றான் வெங்கடேஸ்வரன், ஹிந்தியில்.

கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கே போவீங்க சாப்? மலையா, காடா?"

"ஆபீசுக்கு" என்று முந்திக்கொண்டாள் நீலா. "ஹிஞ்ஜவடி டிராஃபிக்ல."

"அரே சாப், ஊருக்குள்ள ஓட்ட இது எதுக்கு? சத்தம் போடும், மைலேஜ் குறையும்."

"பரவாயில்லை, போடுங்க."

நீலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தமிழுக்கு மாறினாள். "ஏங்க, அம்மாவுக்கு முட்டி வலி. இப்பவே முனகிக்கிட்டுத்தான் ஏறுறாங்க. ஒரு படியாவது வைக்கச் சொல்லுங்க."

"படி வெச்சா கல்லுல இடிக்கும்."

"எந்தக் கல்லுல? நம்ம அபார்ட்மென்ட் ஸ்பீட் பிரேக்கர்லயா?"

அவன் காதில் விழாதவன்போல ஸ்பிரிங்கைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா மங்கையர்க்கரசியைப் புனேவுக்கு அழைத்து வந்ததிலிருந்து நீலா ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூட வீணாக்கியதில்லை. லோஹேகாவில் சித்தப்பா மகள் வீடு, தேஹு ரோடில் பெரியம்மா வீடு, தளேகாவில் அண்ணியின் தங்கை வீடு என்று ஒன்று விடாமல் அம்மாவைக் காரில் கொண்டுபோய் இறக்குவாள். "பெத்தவளை எப்படித் தாங்குறா பாரு!" என்று நாலு பேர் சொன்னால் அவளுக்கு வயிறு நிறைந்துவிடும். அம்மாவின் வயிறு மூன்று வீட்டு டிபனில் நிறையும்.

அதற்குத்தான் இந்த மனுஷன் வேட்டு வைக்கிறார். மாமியார் என்றால் அவ்வளவு இளக்காரம்!

ஞாயிறு காலை நீலா பயந்தபடியே ஆயிற்று. அம்மா ஒரு காலைத் தூக்கினாள். "ஐயோ முட்டி!" என்று கீழே இறக்கிவிட்டாள்.

"என்னால ஆகாதுடி. ஆட்டோவும் தூக்கித் தூக்கிப் போடும். நீ மட்டும் போயிட்டு வா."

"இப்ப சந்தோஷமா உங்களுக்கு?" கணவனிடம் சீறிவிட்டு நீலா ஆட்டோ பிடித்தாள். அம்மா இல்லாமல் போய் எந்த முகத்தோடு நிற்பது? அழுகையே வந்துவிட்டது.

தெருமுனை தாண்டியதும்தான் செல்போனை மறந்தது தெரிந்தது. ஆட்டோவைத் திருப்பச் சொன்னாள்.

அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வண்டியின் முன்சீட்டில் ஜம்மென்று அம்மா. வெங்கடேஸ்வரன் கீழே கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துப் பின்னால் வைத்துவிட்டு ஸ்டியரிங்கில் வந்து உட்கார்ந்தான். இருவரும் அவளைப் பார்க்கவில்லை.

"எந்தப் பக்கம் போகலாம் அத்தை?"

அம்மா சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நீலா பார்த்து வருஷக்கணக்காகிறது.

"ரோடே இல்லாத பக்கமா விடுங்க மாப்பிள்ளை. ரோடு இருந்தா அங்கே நீலாவுக்கு ஒரு சொந்தக்காரங்க வீடு இருக்கும்!"