ஏரிக்குப் போற வாசல்

"அந்த நகரும் படின்னாலே எனக்குக் குலை நடுங்கும். நீங்க ரெண்டு பேரும் கூட வந்தாத்தான் ஏரியைப் பார்க்க முடியும்" என்று ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாய் மாடியேறி வந்து நின்றாள் வீட்டுக்காரம்மா.

மாடிக்குக் குடிவந்து சில மாசம்தான் ஆகிறது. முடியாது என்று எப்படிச் சொல்வது? புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தலையாட்டினார்கள்.

இருவருக்கும் இடையே பேச்சு நின்று போயிருந்தது. மறுநாள் பெண்டாட்டி தன் அம்மா வீட்டுக்குப் போகிறாள், இனி திரும்புவதில்லை என்ற முடிவோடு. பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது.

சுரங்க ரயிலை விட்டு இறங்கியதும் ஆரம்பித்தது கூத்து.

"எனக்குக் கீழ்ப்படியில கையைக் கோத்துக்கிட்டு நில்லுங்க. நான் விழுந்தா தாங்கணும்ல?"

"தனித்தனியா நின்னு தாங்குறோமே" என்றான் அவன்.

"நடுவால உருண்டு போயிடுவேன் தம்பி!"

பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் விரல் நுனியால் தொட்டுக்கொண்டார்கள். படி மெல்ல மெல்ல மேலே தூக்கிக்கொண்டு போனது.

மேலே ஏரியைக் காணோம். பூங்காதான் இருந்தது. புல்வெளியில் யார் யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள். நீரூற்றுச் சாரல் முகத்தில் பட்டபோது மனைவிக்கு அங்கிருந்து நகரவே மனசில்லை.

"அடடா, ஸ்டேஷன் வாசல் மாறிட்டேனே!" என்றாள் வீட்டுக்காரம்மா.

மறுபடி கீழே. மறுபடி கை.

அடுத்த வாசல் அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் விட்டது. அரை இருட்டில் வரிசையாகச் சிலைகள். வீட்டுக்காரம்மா ஒவ்வொன்றையும் ஆற அமரப் பார்த்துவிட்டு, "இதுவும் ஏரி வாசல் இல்லையே!" என்றாள்.

"பலகையில கொட்டை எழுத்துல போட்டிருக்கு. படிச்சாத்தான் என்ன?" என்று அவன் பல்லைக் கடித்தான்.

"மெதுவா பேசுங்க, காதுல விழப்போகுது" என்றாள் மனைவி.

"விழட்டும். மாசாமாசம் வாடகையும் வாங்கிக்கிட்டு, இப்ப நம்ம கையையும் வாங்கிக்கிட்டாங்க பாரு!"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "தண்ணித் தொட்டியைக் கழுவச் சொன்னா மட்டும் அவங்களுக்குக் காது கேட்காது" என்றாள்.

"ஆமா! அன்னிக்கு என்ன சொன்னாங்க தெரியுமா?"

அடுத்த வாசலில் பழைய மணிக்கூண்டு. அதற்குள் இருவர் வாயிலும் வீட்டுக்காரம்மாவின் தலை நன்றாக உருண்டுகொண்டிருந்தது. மறுபடி கீழே இறங்கியபோது, ரயில் வருவதற்கு முன்னால் அடிக்கிற காற்று மனைவியின் கூந்தலைக் கலைத்தது. அவன் ஒதுக்கிவிட்டான். படி முடிந்தபிறகும் கை பிரியவில்லை.

கடைசியில் ஏரி வந்தபோது வெயில் தணிந்து தண்ணீரெல்லாம் பொன்னிறமாயிருந்தது. ஆளில்லாத ஒரு படகு தானாக அசைந்துகொண்டிருந்தது.

"நாக்கு வறளுது. தண்ணி வாங்கிட்டு வரேன், இங்கேயே இருங்க" என்று வீட்டுக்காரம்மா நகர்ந்துவிட்டாள்.

படகையே பார்த்துக்கொண்டு அவன் கேட்டான். "நாளைக்குப் போய்த்தான் ஆகணுமா?"

"போகாதேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே."

"போகாதே. நீ இல்லாம என்னால முடியாது."

அவள் அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

அதே நேரம் சுரங்க நிலையத்தில், நகரும் படியில் கைப்பிடியைக்கூடத் தொடாமல் விறுவிறுவென்று இறங்கி வந்தாள் வீட்டுக்காரம்மா.

காவலாளி ஓடி வந்தான். "அக்கா! ரிட்டையர் ஆகுற வரைக்கும் இதே ஸ்டேஷன்லதானே டிக்கெட் கொடுத்தீங்க? ஏரி வாசல் மறந்துபோச்சா? வாசல் வாசலா ஏறி இறங்கினீங்க! கூட வந்தவங்க உங்களை என்ன திட்டு திட்டினாங்க தெரியுமா?"

"ரெண்டு பேரும் சேர்ந்தா திட்டினாங்க?"

"ஆமாக்கா."

"அப்பாடா!" என்றாள் வீட்டுக்காரம்மா. "அதுங்க பேசிக்கிட்டு ரொம்ப நாளாச்சுப்பா. என்னைத் திட்டறதுக்காவது வாயைத் திறக்கட்டும்னுதான் கூட்டிட்டு வந்தேன்."