முகம் மட்டும் வேறு

நடைபாதை வியாபாரிகளைப் பற்றிப் பேராசிரியை எழுதிய நானூறு பக்க ஆய்வை அவருடைய கணவர்கூடப் படிக்கவில்லை. அதையே காமிக்ஸாகப் போட்டதும் ஆட்கள் தேடி வர ஆரம்பித்துவிட்டார்கள். இன்று கல்லூரிக்கு வந்தவர் பத்துப் பிரதிகள் கேட்டார்.

“எங்க ஆபீஸ்ல டிரைவர்கூட விடாம படிச்சிட்டார் மேடம். யார் எங்க நிக்கிறாங்க, ரெய்டு வந்தா வண்டியை எந்தச் சந்துல ஒளிச்சு வைக்கிறாங்க, எல்லாம் பளிச்சுனு புரியுது.”

பேராசிரியைக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.

“ஆர்ட்டிஸ்ட் அந்தத் தெருவுலயே உக்காந்து வரைஞ்சார். யாருக்கும் தொந்தரவு வரக் கூடாதுன்னு முகத்தை மட்டும் மாத்திட்டோம். ஆய்வுல அதுதான் முறை.”

“முகம் எங்களுக்கு எதுக்கு மேடம்?”

பேராசிரியை முதல் பிரதியைத் திறந்து பேனாவை எடுத்தார். “யார் பேருக்கு எழுதட்டும்?”

“எல்லாருக்கும் சேர்த்தே எழுதுங்க. ஆக்கிரமிப்பு அகற்றும் பிரிவு.”

பேனா அப்படியே நின்றது.

“காலையில புத்தகத்தைக் கையில வச்சுக்கிட்டே போனோம். ஒரே நடையில எல்லா வண்டியும் லாரில ஏறிடுச்சு.”

பேராசிரியை வண்டிகளை ஒளித்துவைக்கும் அந்தச் சந்துக்கு ஓடினார். வண்டிகள் நின்ற இடம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பழ வண்டிக்காரம்மா மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில், அவருக்கு இலவசமாகக் கொடுத்த பிரதி.

“எல்லாத்தையும் அச்சு அசலா வரைஞ்சிருக்கீங்க டீச்சரம்மா,” என்றார். “என் மூஞ்சி மட்டுந்தான் என்னோடது இல்ல.”