மார்லிஸின் சனிக்கிழமை வகுப்பு

டுலூத் ஊரே பனியில் வெள்ளையாகிக் கிடந்தது.

“அம்மா, சறுக்க வர்றேன்னியே?” சறுக்குப் பலகையோடு நின்றான் எட்டு வயது வெண்டல்.

“ஆன்லைன் வகுப்பு இருக்குடா கண்ணு. தொந்தரவு பண்ணாம டேப்லெட்டைப் பாரு,” என்றாள் மார்லிஸ், மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“போன வாரமும் இதையேதான் சொன்ன!”

“எல்லாம் உன் நல்லதுக்குத்தான், போ.”

வெண்டல் போகவில்லை. அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “டீச்சர், எங்கம்மாவை விளையாட விடுங்க!” என்று கத்தினான். மைக் திறந்தே இருந்தது. வகுப்பே சிரித்தது.

ஆசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: “மார்லிஸ், இன்னிக்கு என்ன பாடம்?”

மார்லிஸின் முகம் சிவந்தது. “பிள்ளைங்களை டேப்லெட்லேர்ந்து மீட்கறது எப்படின்னு…”

“அப்புறம் ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கீங்க? கிளம்புங்க, போய் விளையாடினாலே பரீட்சையில நீங்க பாஸ்!”