அடுத்தது என்ன பார்க்கலாம்

லைட்டை அணைச்சுட்டுப் பாரு என்று எழுதி அனுப்பினாள்.

சுகிர்தாவிடமிருந்து ஒரு பேய் பொம்மை வந்தது. பக்கத்திலேயே ஒரு சிரிப்பு.

கல்லூரி நாளிலிருந்தே இவளுக்கு இந்த ரகப் படங்கள்மேல் பைத்தியம். பேயே வராமல் பயமுறுத்துகிற படங்கள். நாவல் என்றாலும் அதே. “வீட்ல சும்மாதான்டி இருக்கேன், ஏதாவது சொல்லேன்” என்று சுகிர்தா கேட்டபோது யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

முதலில் ஒரு நாவல். அதில் கணவன் தேனாகப் பேசுவான். மனைவிக்குத்தான் புத்தி பிசகு என்று எல்லோரையும் நம்பவைப்பான்.

பிறகு ஒரு படம். அதில் மனைவி சொல்வதை யாருமே நம்பமாட்டார்கள்.

பிறகு அதைவிட மோசமாக ஒன்று.

பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தாள். எல்லாவற்றிலும் ஒரு கணவன். எல்லாவற்றிலும் பூட்டிய வீடு.

ஜெயசீலன் முதலில் இவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை.

“அவளுக்கு மனசு சரியில்லைங்க, விசாரிச்சுக்கோங்க” என்று அவன் வீட்டுக்குப் போன் போட்டது சுகிர்தா. அந்த வருஷமே அவனைக் கட்டிக்கொண்டதும் சுகிர்தா. அந்தப் போன் விஷயம் தோழிக்குத் தெரியாது என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நினைக்கட்டும்.

பக்கத்தில் படுப்பவனைப் பார்த்து நடுங்கட்டும். மனசு சரியில்லை என்று ஊர் அவளையும் சொல்லட்டும்.

பலித்துக்கொண்டுதான் வந்தது. சுகிர்தாவின் குரல் வாராவாரம் உள்ளே போனது. பேச்சுக்கு நடுவே சட்டென்று நின்று எதையோ கவனிப்பாள். போனை வைத்ததும் இவள் டீ போட்டு, ரசித்துக் குடிப்பாள்.

இன்று மத்தியானம் சுகிர்தாவே கூப்பிட்டாள்.

“உனக்கு எப்படிடி தெரிஞ்சுது?”

மாட்டிக்கொண்டோம் என்று இவள் நினைத்தாள்.

“என்னது?”

“அவரு என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான் ஆபீஸ் போறாருன்னு. எங்கம்மாகிட்டகூடச் சொல்லலையேடி. நீ அனுப்புற எல்லாத்துலயும் அவரேதான் இருக்காரு. கல்யாணமான மறுவாரத்துலேர்ந்து...”

மீதி அழுகையில் போய்விட்டது.

முதலில் வந்தது ஏமாற்றம். அப்படியானால் இதில் எதுவும் தன் வேலையில்லை.

அதற்குப் பிறகுதான் அது உறைத்தது.

அந்த நிச்சயம் முறியாமல் இருந்திருந்தால்.

சுகிர்தா இன்னும் அழுதுகொண்டிருந்தாள். இவள் எழுந்து செருப்பை மாட்டினாள்.

“அவன் எத்தனை மணிக்கு வருவான்?” என்று கேட்டாள்.