கேட்டால்தான்

பெயில்கள் புல்லில் விழுந்து கிடந்தன.

நடுவராக நின்ற அவள் பார்த்துவிட்டாள்.

மகளின் கால் கிரீஸ் கோட்டை எட்ட இன்னும் ஒரு சாண் இருந்தது. அதற்குள் எதிரணியில் பந்து வீசும் ஹெல்மி பந்தோடு ஸ்டம்பைத் தட்டிவிட்டாள். மட்டை கையில் இருந்திருந்தால் நீட்டித் தொட்டிருக்கலாம். ஆனால் மட்டை ஆடுகளத்தின் மறுமுனையில் கிடந்தது.

பின்லாந்துக்காரர்களின் பந்தாட்டத்தில் அப்படித்தான். அடித்ததும் மட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். வீட்டில் எத்தனை முறை சொல்லியும் மகளின் கைக்குப் பள்ளிக்கூடத்தில் பழகியதுதான் வருகிறது.

வெல்ல இன்னும் நான்கு ஓட்டங்கள். கையில் ஒரே விக்கெட்.

அவுட் என்றால் எல்லாம் முடிந்தது. நான்கு வருடங்களாக அவள் பனியிலும் பேருந்திலும் ஸ்டம்புகளைச் சுமந்துபோய், பள்ளி பள்ளியாகக் கெஞ்சிச் சேர்த்த அணி. வென்றால் தலைநகரில் இறுதி ஆட்டம். தோற்றால் பாதிப் பேர் பழைய விளையாட்டுக்கே திரும்பிவிடுவார்கள்.

மைதானம் அமைதியாக இருந்தது.

யாரும் கேட்கவில்லை.

பந்து வீசும் அணி 'அவுட்டா?' என்று கேட்காமல் நடுவர் அவுட் கொடுக்கக் கூடாது. கிரிக்கெட்டின் சட்டம் அது. அவர்களுடைய ஆட்டத்தில் நடுவரே சொல்லிவிடுவார். அதனால்தான் எதிரணிப் பெண்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாகாணத்துக்கே இருக்கும் ஒரே நடுவர் அவள். பக்கத்து ஊருக்குப் போய் அவர்களுக்கும் கற்றுக்கொடுத்தவள். பந்தைப் பிடிக்க, எறிய, ஓட.

கேட்கச் சொல்லித்தரவில்லை.

மகள் மூச்சு வாங்கியபடி அருகில் வந்தாள். அங்கே வேறு யாருக்கும் புரியாத மொழியில், மெல்ல:

"ம்மா, பேசாம இரு. அவங்களுக்குத் தெரியாது."

அவள் குனிந்து பெயில்களைப் பொறுக்கினாள். ஒன்றை வைத்தாள். அது நன்றாகத்தான் உட்கார்ந்தது. எடுத்து மறுபடி வைத்தாள்.

பாளையங்கோட்டையில், தேவாலயத்தின் பின்புறத் திடலில் அண்ணன்மார் ஆடுவார்கள். ஒரு பழைய நோட்டில் ஓட்டங்களைக் குறிப்பது அவள் வேலை. எட்டு வருடங்கள் குறித்தாள். போன கோடையில் ஊருக்குப் போனபோது பெரியண்ணன் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தான்.

"ஒரு நாளாச்சும் மட்டையக் கேட்டிருக்கியா ட்டீ? கேட்டிருந்தா குடுத்திருப்போம்லா."

அவளும் சிரித்தாள். குழம்பை ஊற்றினாள்.

இரண்டாவது பெயிலை வைத்தாள்.

அடுத்த பந்தை வீச ஓடத் தொடங்கும்வரை கேட்கலாம். அதற்குப் பிறகு முடியாது.

ஹெல்மி திரும்பி நடந்தாள். பந்தைக் கால்சட்டையில் தேய்த்தாள். ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். தன் இடத்துக்குப் போய் நின்றாள்.

மகள் மட்டையை எடுத்துக்கொண்டு வந்து, கோட்டுக்குள் வைத்து நின்றாள். இப்போது இறுக்கமாகப் பிடித்திருந்தாள்.

நடுவர் யாரையும் கேட்கத் தூண்டக் கூடாது. அதுவும் சட்டம்தான்.

அவள் கையைக் குறுக்கே நீட்டினாள்.

ஓட முனைந்த ஹெல்மி நின்றாள்.

"ஏதாவது கேட்கணுமா?" என்றாள் அவள், அந்தப் பெண்ணின் மொழியில்.

காற்று இல்லை. பிர்ச் மரங்கள்கூட அசையவில்லை. மகளின் பார்வை தன் கன்னத்தில் சுடுவதை அவள் உணர்ந்தாள். திரும்பவில்லை.

ஹெல்மி ஸ்டம்பைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். பிறகு, வகுப்பறையில் பேச அனுமதி கேட்பதுபோலத் தயங்கித் தயங்கி ஒரு விரலை உயர்த்தினாள்.

அவள் கோட்டுப் பையிலிருந்து வலக்கையை வெளியே எடுத்து, தானும் ஒரு விரலை உயர்த்தினாள்.