இன்னொரு ஆள் வேணும்

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் தன் பழைய புல்லட்டைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த ஜீவானந்தம், மனைவி கலைமதி பையோடு வெளியே வருவதைப் பார்த்ததும் பதறிப்போனான். மூன்று நாளாக வண்டியும் கிளம்பவில்லை, அவளும் பேசவில்லை. இப்போது வாலாஜாபாத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறப் போகிறாள்.

"ஸ்பார்க் சரியான நேரத்துல வர்றதுக்கு டைமிங் வைக்கணும், இன்னொரு ஆள் வேணும் கலை. நான் இஞ்சினை மெல்லத் திருப்புறேன். பாயிண்ட் திறந்ததும் இந்தப் பல்பு எரியும். உடனே சொல்லு, போதும்."

பையை இறக்காமலே குனிந்தாள். "எரியுது."

"இன்னொருவாட்டி பார்க்கலாம்."

"எரியுது."

ஏழாவது முறை அவள் சொன்னபோது பஸ் போய்விட்டிருந்தது.

"அடடா!" என்றான்.

"இன்னா அடடா? பல்பைக் கண்ணுக்கு எதிர்ல மாட்டிக்கினா ஒரு ஆளே போதும்யா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆறு வருஷமா நீ பண்றதப் பாத்துக்கினுதான கீறேன்? வியாழக்கிழமை அந்த டைமிங்கைக் கலைச்சதே நான்தான். வண்டி ஓடலைன்னா, ஷிப்ட் முடிஞ்சதும் நீ ஊர் சுத்தாம என்னாண்ட உக்காருவன்னு நெனச்சேன். நீ வண்டியாண்டயே உக்காந்துட்ட."

ஜீவானந்தம் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"அடுத்த பஸ்சுல நானும் வர்றேன்."

"மொதல்ல கையக் கழுவு" என்றாள் கலைமதி.